பாகில் நீந்திய ரப்பர் பேண்ட் பொம்மை

உங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி.

கிணற்றிலோ குளத்திலோ ஜோராக நீந்திக்கொண்டு போகிறீர்கள். திடீரென்று கையையும் காலையும் அசைக்காமல் நிறுத்திவிடுகிறீர்கள். அந்த நொடியே அப்படியே நின்றுவிடுவீர்களா? மாட்டீர்கள். கொஞ்ச தூரம் சும்மாவே சறுக்கிக்கொண்டு போவீர்கள், இல்லையா?

இப்போது ஒரு கற்பனை. அந்தக் கிணறு நிறைய தண்ணீருக்குப் பதிலாக வெல்லப்பாகு இருக்கிறது. அதிரசத்துக்குக் காய்ச்சுவார்களே, அந்தப் பாகுதான். அதில் கையை வீசுவதே பெரும்பாடு. கை நின்ற மறுகணமே நீங்களும் நின்றுவிடுவீர்கள். சறுக்கல், கிறுக்கல் எல்லாம் கிடையாது!

குளத்துத் தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்களுக்கு வாழ்நாள் முழுக்க இதே கதிதான். நமக்குத் தண்ணீராக இருப்பது அவற்றுக்குப் பாகு போல இருக்கிறது. ஆனாலும் அவை ஜாலியாக நீந்துகின்றன! 1676ம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், தான் செய்த லென்ஸ் வழியாக அந்த நுண்ணுயிர்கள் துள்ளித் திரிவதைப் பார்த்துவிட்டார். ஆனால் எந்த விதத்தில் தண்ணீரைத் தள்ளி அவை முன்னேறுகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்ட இன்னொருவர் வரவேண்டியிருந்தது. அதற்கு 275 ஆண்டுகள் ஆயின.

அந்த இன்னொருவர்தான் சர் ஜெஃப்ரி இங்க்ராம் டெய்லர். நண்பர்களுக்குச் சுருக்கமாக ஜி.ஐ.!

1886ம் ஆண்டு மார்ச் 7ம் தேதி லண்டனில் பிறந்தார் டெய்லர். அப்பா எட்வர்டு ஓர் ஓவியர். பெரிய பெரிய பயணிகள் கப்பல்களின் கூடங்களை அலங்கரித்துத் தருவது அவர் தொழில். அம்மா மார்கரெட், கணித மேதை ஜார்ஜ் பூலின் மகள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டே எண்களில் யோசிக்கிறது என்று படித்திருப்பீர்களே! அதற்கு அடிப்படையான கணக்கைத் தந்தவர் இந்தப் பூல் தாத்தாதான். பேரன் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். சித்தி அலிசியா, கண்ணால் பார்க்கவே முடியாத நாற்பரிமாண உருவங்களின் வெட்டுத் தோற்றங்களை அட்டையில் செய்து காட்டியவர். இன்னொரு சித்தி எதெல் நாவலாசிரியர். எப்படிப்பட்ட குடும்பம் பாருங்கள்!

டெய்லருக்கு 11 வயது இருக்கும்போது லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு கிறிஸ்துமஸ் சொற்பொழிவுக்குப் போனார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர், சிறுமியருக்காகவே விஞ்ஞானிகள் சோதனை செய்து காட்டிப் பேசும் நிகழ்ச்சி அது. அந்த வருடம் ஆலிவர் லாட்ஜ் தந்தியைப் பற்றிப் பேசினார். அங்கே கெல்வின் பிரபுவையும் சந்தித்தார் டெய்லர். வெப்பநிலைப் பாடத்தில் கெல்வின் அளவு என்று படிக்கிறோமே, அதே கெல்வின்தான்! பூலின் பேரன் என்று தெரிந்ததும் பெரியவருக்கு மகிழ்ச்சி. பையனோ அன்றிலிருந்து விஞ்ஞானப் பைத்தியம் ஆகிவிட்டான்.

விஞ்ஞானம் ஒரு பைத்தியம் என்றால், படகு இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொந்தமாக ஒரு சிறிய பாய்மரப் படகைக் கட்டினார். தண்ணீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. அதற்கு இந்தப் படகுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றும்.

1905ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அவர் செய்த முதல் ஆராய்ச்சி ஒளியைப் பற்றியது. மிக மிக மங்கலான வெளிச்சத்தில் ஓர் ஊசியின் நிழலைப் போட்டோ எடுக்க வேண்டும். வெளிச்சம் அவ்வளவு குறைவு என்பதால் ஒரு படம் பதிய ஏறக்குறைய 3 மாதம் ஆனது. அந்த நேரத்தில் இவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியை மூடி வைத்துவிட்டுப் படகு ஓட்டப் போய்விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள்!

1912ம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. சுமார் 1,500 பேர் பலியானார்கள். அடுத்த ஆண்டே, பனிப்பாறைகளைக் கண்காணிக்க ஸ்காட்டியா என்ற கப்பலை வட அட்லாண்டிக் கடலுக்கு அனுப்பியது பிரிட்டன். அதில் வானிலை ஆராய்ச்சியாளராகப் போனவர் 27 வயது டெய்லர். அங்கே அவர் செய்த வேலை உங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். பட்டம் விடுவது! பட்டத்தில் கருவிகளைக் கட்டி உயரே அனுப்பி, கடல்மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்றின் சூடும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று அளந்தார். காற்று சீராக ஓடாமல், சுழித்துச் சுழித்துக் கலக்கிக்கொண்டே போவதால் என்ன ஆகிறது என்பதை அந்த அளவுகளிலிருந்து கண்டறிந்தார்.

முதல் உலகப் போர் வந்தது. ஃபார்ன்பரோ என்ற இடத்தில் இருந்த விமானத் தொழிற்சாலையில் வேலை. பறக்கும்போது இறக்கையின் மீது காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்க வேண்டுமா? தானே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். பாராசூட்டில் குதிக்கவும் செய்தார்.

அப்போது நடந்த ஒரு வேடிக்கை. விமானத்திலிருந்து இரும்பு அம்புகளைக் கட்டாகப் போட்டால் அவை எப்படிச் சிதறி விழும் என்று பார்க்க வேண்டியிருந்தது. அம்புகள் வயலில் குத்திட்டு நின்றன. மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியட்டும் என்று ஒவ்வோர் அம்பிலும் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் செருகிக்கொண்டே வந்தார் டெய்லர். அந்தப் பக்கம் குதிரையில் வந்த ஒரு ராணுவ அதிகாரி, இது என்ன என்று விசாரித்தார். விமானத்திலிருந்து போட்ட அம்புகள் என்று பதில் வந்தது. ஒரு காகிதம்கூடத் தப்பாமல் எல்லாவற்றின் நடுவிலும் ஓர் அம்பு நிற்பதைப் பார்த்த அதிகாரி அசந்துபோனார். வானத்திலிருந்து இவ்வளவு குறி தவறாமல் அடிக்க முடியும் என்பதை நேரில் பார்த்திராவிட்டால் நம்பியே இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்!

1923ல் ராயல் சொசைட்டி அவருக்கு ஒரு பேராசிரியர் பதவி கொடுத்தது. வகுப்பு எடுக்க வேண்டாம், கூட்டங்களில் உட்கார வேண்டாம், ஆராய்ச்சி மட்டும் செய்தால் போதும். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கேவென்டிஷ் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரே ஓர் உதவியாளர். கருவிகளும் எளிமையானவை.

1925ல் ஸ்டெஃபனி என்ற ஆசிரியையை மணந்தார். இருவரும் ஃப்ராலிக் என்ற தங்கள் பாய்மரப் படகில் நார்வேயின் வடபகுதியில் இருக்கும் லோஃபோட்டன் தீவுகள் வரை போய் வந்தார்கள். படகோட்டிகளுக்கு அப்போது ஒரு பெரிய தலைவலி நங்கூரம். நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் அது கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் தூக்க முடியாது. டெய்லர் யோசித்தார். ஏர்க் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்குகிறதல்லவா? அதே வடிவத்தில் ஒரு நங்கூரம் செய்தார். இழுக்க இழுக்க அது தரைக்குள் புதைந்து பிடித்துக்கொள்ளும். 1933ல் வந்த அந்த நங்கூரத்துக்கு சி.க்யூ.ஆர். என்று பெயர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பத்திரம் என்று அர்த்தம் வரும் 'செக்யூர்' என்ற ஆங்கிலச் சொல் போல ஒலிக்கும். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையோரம் அமைத்த தற்காலிகத் துறைமுகங்களைப் பிடித்து நிறுத்தவும் இது பயன்பட்டது.

அதே போரில் இன்னொரு வேலையும் அவருக்கு வந்தது. பெரிய குண்டு ஒன்று வெடித்தால் அதன் அதிர்ச்சி அலை எப்படிப் பரவும் என்று கணக்கிட வேண்டும். 1945ம் ஆண்டு ஜூலை 16ம் தேதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தபோது அதை நேரில் கண்டவர்களில் டெய்லரும் ஒருவர். மூன்று வாரம் கழித்து ஹிரோஷிமா, பிறகு நாகசாகி. அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் படித்திருப்பீர்கள்.

அந்தப் பாலைவனக் குண்டின் வலிமை எவ்வளவு என்பதை அமெரிக்கா ரகசியமாக வைத்திருந்தது. ஆனால் 1947ல் வெடிப்பின் போட்டோக்கள் வெளியாயின. ஒவ்வொரு போட்டோவிலும் நேரமும் தூரத்துக்கான அளவுகோலும் இருந்தன. டெய்லருக்கு அது போதாதா? தீக்கோளம் எந்த நேரத்தில் எவ்வளவு பெரிதாகி இருந்தது என்று பார்த்து, சுமார் 17,000 டன் வெடிமருந்துக்குச் சமம் என்று 1950ல் கணக்கை அச்சிட்டுவிட்டார். புத்திசாலித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, அடுத்த ஆண்டு அவர் கையில் எடுத்த கேள்வி. உலகத்தையே அதிர வைத்த வெடிப்பைக் கணக்கிட்ட மனிதர், யாருக்கும் சத்தம் கேட்காத ஒரு நீச்சலைக் கணக்கிட உட்கார்ந்தார்.

கேம்பிரிட்ஜிலேயே ஜேம்ஸ் கிரே என்ற விலங்கியல் பேராசிரியர் இருந்தார். மீன், பாம்பு, வால் உள்ள நுண்ணுயிர்கள் எல்லாம் எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்தவர் அவர். அந்த நுண்ணுயிர்கள்தான் டெய்லரை யோசிக்க வைத்தன.

சரி, கொஞ்சம் கவனமாக வாருங்கள். மீனோ, கப்பலோ, நீங்களோ முன்னேறுவது எப்படி? தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறீர்கள். தள்ளிய தண்ணீர் பின்னால் ஓடுகிறது, நீங்கள் முன்னால் போகிறீர்கள். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். இதைத்தான் நிலைமம் என்று பாடத்தில் படிக்கிறோம். கையை நிறுத்திய பிறகும் உங்களைச் சறுக்க வைப்பது இதுதான். தண்ணீருக்குப் பிசுபிசுப்பும் உண்டு. அதன் பெயர் பாகுநிலை. அது ஓடுகிற எதையும் பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

இந்த இரண்டில் யார் பலசாலி? 1883ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்பவர் இதற்கு ஓர் எண்ணைக் கண்டுபிடித்தார். அது ரெனால்ட்ஸ் எண். நீங்கள் நீந்தும்போது அது பல லட்சம் இருக்கும். அங்கே நிலைமம்தான் ராஜா. ஆனால் உடல் சிறுக்கச் சிறுக்க, வேகம் குறையக் குறைய அந்த எண்ணும் இறங்கிக்கொண்டே வரும். ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் 500ல் ஒரு பங்கு. அதற்கு ரெனால்ட்ஸ் எண் 1ஐப் பத்தாயிரத்தால் வகுத்தால் வருவதைவிடவும் குறைவு! அங்கே நிலைமம் இருந்தும் இல்லாதது மாதிரிதான். வாலை நிறுத்தினால் பாக்டீரியா சறுக்கும் தூரம் ஓர் அணுவின் அகலம்கூட இல்லை.

தண்ணீர் மாறவில்லை குட்டீஸ். அளவுதான் மாறியது.

பாகுநிலை ஆட்சி செய்யும் இந்த உலகத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. செய்ததை அப்படியே திருப்பிச் செய்தால், எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். கதவு திறந்து மூடுவது போல வாலை இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அதே வழியில் அந்தப் பக்கம் ஒரு வீச்சு என்று ஆட்டினால், முதல் வீச்சில் போன தூரம் இரண்டாவது வீச்சில் திரும்பிவிடும். ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஆட்டினால்? அதுவும் பலிக்காது. போன தூரம் போயே போச்சு!

அப்படியானால் வழிதான் என்ன? அலை! ஒரு நீளத் துணியை உதறினால் அதில் அலை ஒன்று ஓடுமே, அது போல. டெய்லர் மெல்லிய தகடு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டார். அதில் தலையிலிருந்து வாலை நோக்கி அலைகள் ஓடுகின்றன. பிசுபிசுப்பான திரவத்தில் அந்தத் தகடு என்ன செய்யும்? கணக்கு சொன்ன விடை: அலை பின்னால் ஓட ஓட, தகடு மெல்ல முன்னால் நகரும். அலை ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால், போன வழியே திரும்பி வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்ன அலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தகட்டின் வேகம் நான்கு மடங்காகும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தகடுகள் ஒரே தாளத்தில் அலைந்தால் சக்தி மிச்சமாகும் என்றும் அந்தக் கணக்கு காட்டியது. எந்தப் பிடிப்பைப் பாக்டீரியாவுக்கு எதிரி என்று நினைத்தோமோ, அதைப் பற்றிக்கொண்டேதான் அது முன்னேறுகிறது!

இந்தக் கட்டுரை வெளியான ஆண்டு 1951. அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் ஆராய்ச்சியை விடவில்லை. மறு ஆண்டே இன்னொரு கட்டுரை. இந்த முறை தகட்டுக்குப் பதிலாக உருளையான வால். காகிதத்தில் கணக்குப் போட்டதோடு திருப்தி வந்துவிடுமா? முறுக்கிவிட்ட ரப்பர் பேண்டின் சக்தியில் ஓடும் ஒரு நீச்சல் பொம்மையைச் செய்தார். தண்ணீரில் விட்டால் பாக்டீரியாவின் கஷ்டம் பொம்மைக்கு வராதே! அதனால் பாகு போன்ற கெட்டியான கிளிசரினில் விட்டார். பொம்மை மெல்ல மெல்ல நீந்தியது.

1960களின் நடுவில், 80 வயதை எட்டிய நேரத்தில், அமெரிக்காவில் மாணவர்களுக்காக எடுத்த ஒரு படத்தில் இதையெல்லாம் தானே செய்து காட்டினார் டெய்லர். இன்றும் அந்தப் படத்தை இணையத்தில் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் நடுவே ஓர் உருளை. இரண்டுக்கும் இடையில் கிளிசரின், அதில் கொஞ்சம் சாயம். உருளையைச் சுற்றுகிறார். சாயம் இழுபட்டு, மெலிந்து, கலைந்தே போய்விடுகிறது. இப்போது அதே அளவு திருப்பிச் சுற்றுகிறார். கலைந்த சாயம் மறுபடி ஒன்றுகூடிப் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது! மந்திரவாதி தோற்றான். காபியில் பாலைக் கலக்கிவிட்டுக் கரண்டியைத் திருப்பிச் சுற்றினால் பால் தனியாகப் பிரிந்து வருமா? இங்கே வருகிறது.

அடுத்து இரண்டு பொம்மைகள். ஒன்று வாலை இப்படியும் அப்படியும் ஆட்டும் மீன் பொம்மை. தண்ணீரில் கிடுகிடுவென்று ஓடுகிறது. கெட்டிப் பாகில் போட்டால் பாவம், வாலை ஆட்டிக்கொண்டே இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னொன்றுக்கு வாலாக இருப்பது சுருள் கம்பி. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல. அந்தச் சுருள் சுழல, மரத்தில் திருகாணி இறங்குவது போலப் பொம்மை பாகுக்குள் முன்னேறிப் போகிறது.

1972ல் டெய்லருக்குப் பக்கவாதம் வந்தது. அதுவரை விடாமல் ஆராய்ச்சி செய்தவர், அதன் பிறகு செய்ய முடியவில்லை. 1975ம் ஆண்டு ஜூன் 27ம் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார். வயது 89.

அவர் படுத்திருந்த அந்த ஆண்டுகளில்தான் ஒரு பெரிய செய்தி வந்தது. பாக்டீரியா தன் வாலைச் சாட்டை போல வீசி அலை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். இல்லை, அதன் வால் ஒரு விறைப்பான சுருள், அதை மோட்டார் போலச் சுழற்றுகிறது என்று 1973ல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு சில்வர்மேன், சைமன் என்ற இருவர் அதை நிரூபித்தார்கள். எப்படி? பாக்டீரியாவின் வாலைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். வால் சுழல முடியாதே! அதனால் பாக்டீரியாவின் உடம்பு ராட்டினம் மாதிரி சுற்றியது!

2009ல் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள், நம் தலைமுடியின் பருமனைவிடக் குட்டையான ஒரு செயற்கை நீச்சல்காரனைச் செய்தார்கள். அதற்கு ரப்பர் பேண்ட் கிடையாது. வெளியிலிருந்து காந்தத்தைச் சுழற்றினால் இதுவும் சுழன்றுகொண்டு நீந்தும். மருந்தைச் சுமந்துகொண்டு உடம்புக்குள் போகும் வேலைக்கு இத்தகைய குட்டி நீச்சல்காரர்களைப் பழக்க முடியுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். சூரிச்சில் செய்த அந்த நீச்சல்காரனுக்கும் வாலாக இருந்தது ஒரு சுருள்தான்.